ஆரஞ்சு அட்டை

வியாழக்கிழமைகளில் நான் சவரம் செய்துகொள்வேன். மற்ற நாட்களில் செய்துகொள்ள மாட்டேன் என்றில்லை. தோன்றினால் செய்வேன், தோன்றாவிட்டால் தலைக்கவசத்தின் வாரைத் தாடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். வியாழன் மட்டும் தவறாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றீர்கள், ஐயா. எனக்கு முதல் என்றால் அதுதான்.

நான் மரம் பற்றிப் படித்தவன் அல்ல. சாரம் கட்டுகிறவன். பன்னிரண்டாவது மாடியில் குழாய் தூக்கும்போது முழங்கால் பிசகிவிட்டது. மேலே ஏற முடியாத சாரக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேஸ்திரி யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், அந்த மரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கட்டட அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருந்ததாம்: மனையில் நிற்கும் பெரிய மரத்தைப் பார்த்துக்கொள்ள, வேலை முடியும்வரை ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். கழுத்தில் 'மரப் பராமரிப்பாளர்' என்று பட்டையும் அட்டையும் மாட்டிவிட்டார்கள். ஸ்டோர்காரர் அன்றிலிருந்து என்னை மரமண்டை என்று கூப்பிட்டார். கோபம் வரவில்லை. கூப்பிட ஓர் ஆள் கிடைத்தாரே என்றுதான் இருந்தது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வந்து பதினோரு வருடம். அறையில் ஆறு பேர், ஆளுக்கு ஒரு ஷிப்டு. அவர்களில் நாலு பேரைத் தூங்கும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு எதிரே வந்தால் யாரென்று தெரியாது. வீட்டுக்குப் போன் போட்டால் அண்ணன் "சரி, வெச்சிடவா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். சின்ன வயதில் என்னை முதுகில் நாலு சாத்தாமல் தூங்கப் போகாதவர், இப்போது வாங்க போங்க என்கிறார். தூரத்தில் இருக்கிறவனிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மரியாதை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நம்மைத் திட்ட யார் இருக்கிறார்கள்?

மரம் தூங்குமூஞ்சி மரம். மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும், பெயர் அதனால்தான். கார் நிறுத்தும் தளத்துக்காகக் கிழக்குப் பக்கம் பள்ளம் தோண்டினார்கள். தோண்டும் இயந்திரம் தொடை கனமுள்ள வேர்களைப் பிடித்து இழுத்துப் பிய்த்துவிட்டது. இரண்டு மாதத்தில் உச்சிக் கிளைகள் வழுக்கை விழுந்தன.

அப்போதுதான் மரத்துறையிலிருந்து அக்கா வந்தார்கள். உங்கள் கோப்பில் அவர் பதவி நீளமாக எழுதியிருக்கிறது, எனக்கு அக்கா என்றால்தான் நாக்கில் வரும். ஐம்பத்தேழு வயது, குட்டையான உடம்பு, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, தோள்பையில் மண் கிளற ஒரு கைக்கொத்து. நான் மரத்தின் மேல் இருந்த பிரியத்தில் மரச்சில்லுகளை அடிமரத்தைச் சுற்றி இடுப்பளவு குவித்து வைத்திருந்தேன். உண்மையாகவே பிரியத்தில். அன்றைக்கு எனக்கு வேறொன்றும் தெரியாது.

"யாருப்பா இந்த மரத்துக்கு ஆளு?"

"நான்தான் மேடம்."

"மேடம் யாரு? இங்க நான் ஒருத்திதான நிக்கிறேன். அக்கான்னு சொல்லு. இது என்ன கோலம்?"

"குளிர்ச்சியா இருக்கும்னு போட்டேன்க்கா."

"உன்னை மூக்கு வரைக்கும் கம்பளி சுத்தி வெயில்ல நிறுத்தட்டுமா, குளிர்ச்சியா இருக்கான்னு சொல்றியா? சில்லு நாலு விரல் உசரம் போதும், அடிமரத்தைத் தொடக் கூடாது. கழுத்துக்கு மேல இருக்கிறது தலைக்கவசம் மாட்ட மட்டும்தானா தம்பி? பேரே தூங்குமூஞ்சி. அதுக்குக் காவலுக்கு இன்னொரு தூங்குமூஞ்சி. பொருத்தம் பார்த்துத்தான் வெச்சிருக்காங்க."

ஸ்டோர்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் இரண்டு கையாலும் சில்லுகளை வாரி விலக்கினேன். முடித்ததும் கேட்டார்கள்:

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய் சொல்லாத. உதடு காஞ்சு கெடக்கு."

தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் பாதியை வைத்து என் பக்கம் தள்ளினார்கள். தின்றுகொண்டிருக்கும்போதே, சத்தம் போட்டு மெல்லுவதற்காக இன்னொரு முறை திட்டினார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நான் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவருக்கு அபிப்பிராயம் இருந்தது.

அட்டை விவரம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். வேலியில் கட்டித் தொங்கவிடும் அட்டை. பச்சை என்றால் மரம் நலம், அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். மஞ்சள் என்றால் மாதம் ஒருமுறை. ஆரஞ்சு என்றால் வாரம் ஒருமுறை, எங்களுக்கு வியாழக்கிழமை. சிவப்பு என்றால் ஆபத்து. அடுத்தடுத்து இரண்டு சிவப்பு விழுந்தால் மரத்தை வெட்டிவிடலாம். எங்கள் மரத்துக்கு அக்கா கட்டியது ஆரஞ்சு.

முதல் மூன்று மாதம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பிய்ந்த வேர் முனைகளை ரம்பத்தால் சீராக அறுத்து ஈரச் சாக்கு போர்த்தினேன். கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு வேலி போட்டேன். லாரி ஏறி இறுகிப்போன மண்ணைக் காற்றுக்குழாய் வைத்து ஊதி ஊதிப் பொலபொலவென்று ஆக்கினேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக. மரம் தேறியது. உச்சியில் இலை கட்டியது. அக்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்கள்:

"பரவாயில்லையே. இப்படியே போனா இன்னும் ரெண்டு வாரத்துல மஞ்சள். அப்புறம் நான் மாசம் ஒரு தரம் எட்டிப் பார்த்தா போதும்."

நல்ல செய்தியாகத்தான் சொன்னார்கள். நானும் "சந்தோஷம்க்கா" என்றேன்.

மாதம் ஒருமுறை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இதை யோசித்தேன், ஐயா. ஆத்திரமெல்லாம் இல்லை. அடுத்த திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அடிமரத்தைச் சுற்றி நாலு கூடை மண் போட்டு மிதித்துவிட்டேன்.

மரத்துக்குக் கால் இருக்கிறது. அடிமரம் விரிந்து வேராக இறங்கும் இடம். அது வெளியே தெரிய வேண்டும். மண் போட்டு மூடினால் மரம் மெல்ல மூச்சு முட்டும். ஆனால் மரத்துக்கு மண் போடுகிறவனை உலகத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. சைட் என்ஜினியர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார். "ஆளைப் பாருங்கப்பா. சாப்பாட்டு நேரத்துல கூட மரத்துக்கு மண்ணு அணைக்கிறாரு." போட்டோ எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அந்தப் போட்டோ உங்களுக்குச் சாட்சியமாகப் பயன்படும். கூடை தெளிவாகத் தெரிகிறது.

வியாழக்கிழமை அக்கா பார்த்தார்கள்.

"இது எந்த ஊரு வழக்கம் தம்பி, உசுரோட இருக்கிறதைப் புதைக்கிறது? வா, நீ முதல்ல குழியில இறங்கு. கழுத்து வரைக்கும் மண்ணைத் தள்ளுறேன். எத்தனை வாரம் தாங்குறன்னு நானே அட்டை கட்டுறேன்."

முக்கால் மணி நேரம் திட்டினார்கள். அன்று எனக்கு இரண்டு வேளை பசித்தது. அட்டை ஆரஞ்சாகவே இருந்தது.

ஒரே தப்பைத் திரும்பச் செய்ய முடியாது. முதல் தடவை முட்டாள் என்பார்கள், இரண்டாவது தடவை மறதி என்பார்கள், மூன்றாவது தடவை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் மாற்றி மாற்றிச் செய்தேன். வேலியை வாரத்துக்கு ஓரடி உள்ளே தள்ளினேன், செங்கல் லாரியின் சக்கரம் வேரின் மேல் ஏறுகிற அளவுக்கு. அதற்கு ஒரு திட்டு. காய்ந்த கொப்பைக் கழிக்கிறேன் என்று பச்சைக் கொப்பைக் கழித்தேன். அதற்கு இரண்டு. "உனக்கு முடி வெட்டுறவன் காதையும் சேர்த்து வெட்டினா சும்மா இருப்பியா?" என்றார்கள். ஒருமுறை அடிமரத்தில் புதுக் குருத்துகள் கொத்தாக வந்தன. என்ஜினியர் குதித்துக்கொண்டு போன் செய்தார், மரம் துளிர்க்கிறது என்று. அக்கா வந்து பார்த்துவிட்டு, "சந்தோஷத்துல துளிர்க்கலை சார் இது. உசுருக்குப் பயந்து துளிர்க்குது" என்றார்கள். அது எனக்குத் தெரியும்.

ஒரு மரத்தைக் குணப்படுத்துவது கஷ்டம் இல்லை. கொல்வது அதைவிடச் சுலபம். நடுவில் நிறுத்தி வைப்பதுதான் வேலை. அதில் எனக்குக் கை வந்துவிட்டது என்று சொன்னால் தற்பெருமை என்று நினைக்காதீர்கள். ஒரு வாரம் கணக்குத் தப்பிச் சிவப்பு விழுந்துவிட்டது. பதறிப்போனேன். ஏழு நாளும் மரத்தடியிலேயே கிடந்தேன். போட்டதையெல்லாம் தோண்டி எடுத்தேன், மண்ணை ஊதித் தளர்த்தினேன், வெயில் ஏறும் பக்கம் சாக்குப் பந்தல் போட்டேன். அடுத்த வியாழன் ஆரஞ்சுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரம் அந்த மரத்தை என்னைவிட நன்றாக யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக்காரர் விஷயம் கேட்டீர்கள். கலவை இயந்திரம் கழுவுகிறவர், எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பார், அதனால் அந்தப் பெயர். வெயிலில் நின்று கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, மரத்தடியில நெழலா இருக்கே" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. பதினோரு நாள் நிழலில் நின்று கழுவினார். சிமெண்டுத் தண்ணீர் வேருக்கு ஆகாது. அக்கா வெள்ளைத் தடத்தைப் பார்த்ததும் சைட்டே அதிர்ந்தது. எனக்கு என் பங்கு கிடைத்தது, கவனிக்காமல் விட்டதற்காக. அவரை மறுநாள் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னிடம் வந்து, "என்னால உங்களுக்கும் திட்டு விழுந்துச்சே தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படி ஒரு வருடம் நல்லபடியாகப் போயிற்று. கெடுத்தது என்ஜினியர்தான். அந்த மரம் நிற்கிற இடத்தில் கார் இறங்கும் சரிவுப் பாதை போட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"மேடம், வருஷமாச்சு. தேறவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. ஒரு கையெழுத்துப் போடுங்க. நாங்க பதிலுக்கு நூறு கன்னு நடுறோம்."

அக்கா எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார்கள்.

"இந்தப் புள்ள இருக்கிற வரைக்கும் இந்த மரம் சாகாது சார். என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்ல. பச்சை அட்டை கட்டிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். எழுதியே தர்றேன்."

எழுதியும் கொடுத்தார்கள். மரம் பிழைக்கும், அதற்குத் தானே பொறுப்பு என்று. அந்தத் தாள்தான் உங்கள் மேஜையில் மேலாக இருப்பது.

அன்றிலிருந்து அவர்கள் என்னைத் திட்டவில்லை.

அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று உங்களுக்குப் புரிய வைக்க முடியுமா என்று தெரியவில்லை. வியாழக்கிழமை வருவார்கள். "நல்லாயிருக்கியா? சரி, உனக்குத் தெரியாததா" என்பார்கள். நான் வேலியைக் கோணலாக வைத்தேன். அவர்களே நிமிர்த்தி வைத்துவிட்டு, "வயசாகுதுல்ல உனக்கும்" என்று சிரித்தார்கள். சில்லுகளை அடிமரத்தில் முட்டும்படி குவித்தேன், முதல் நாள் செய்த அதே தப்பு. ஒரு வார்த்தை இல்லை. காலால் தள்ளிவிட்டு டப்பாவைத் திறந்தார்கள். சத்தம் போட்டு மென்று பார்த்தேன். அண்ணன் வீட்டுப் போன் மாதிரி ஆகிவிட்டன அந்த வியாழக்கிழமைகள்.

சின்னத் தப்பு போதாது என்று முடிவு செய்தேன்.

பிய்ந்தது கிழக்குப் பக்க வேர். மரம் நின்றுகொண்டிருந்தது மேற்குப் பக்க வேரில். அந்தப் பக்கம் சில்லுகளுக்கு அடியில் குழாய் முனையைச் செருகித் திறந்துவிட்டேன். மேலே காய்ந்துதான் தெரியும். கோடைக்காலம். யாராவது கேட்டால் தண்ணீர் விடுகிறேன் என்று சொல்லலாம், உண்மையும் அதுதான். ஒரு மாதத்துக்குமேல் அந்தக் குழாயை மூடவில்லை.

நாலாவது வாரம் சிவப்பு விழுந்தது. நான் காத்திருந்தேன். அக்கா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், இலையைக் கிள்ளி முகர்ந்தார்கள், உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு தம்பி. நான்தான் எதையோ பார்க்காம விட்டுட்டேன். உன் மேல குத்தமில்ல, நீ மனசை விடாத."

கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அன்று சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டியிருப்பார்கள், மரத்தையும் காப்பாற்றியிருப்பார்கள். ஆனால் கேட்டு வாங்குகிற திட்டு திட்டா? அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று குழாயை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, காற்றுகூட இல்லை, மேற்குப் பக்கப் பெருங்கிளை ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு இறங்கியது. என்ஜினியர் அப்போதுதான் காரைவிட்டு இறங்கி நாலடி வந்திருந்தார். கார் பாய் மாதிரி ஆகிவிட்டது. அவர் திரும்பிப் போய்க் குனிந்து, உள்ளே தான் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகுதான் உட்கார்ந்தார். அடிமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேரோடு மண் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது சிவப்பு.

அக்கா ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். நேரே மேற்குப் பக்கம் போய் மண்டியிட்டுக் கைக்கொத்தால் சில்லுகளை விலக்கினார்கள். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. அழுகல் நாற்றம். குழாய் முனை கையில் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே, குழாய் போகிற வழியில் குனிந்து நடந்து, என் தகரக் கொட்டகையின் பின்பக்கம் வரை வந்தார்கள். குழாய்த் திருகைப் பார்த்தார்கள். அதன் கைப்பிடியில் என் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். புதைத்த மண், நகர்ந்த வேலி, பாட்டுக்காரர் எல்லாம் ஒவ்வொன்றாக அவர்கள் முகத்தில் வந்து போயின. ஒன்றரை வருடத்தை ஒரே நிமிடத்தில் படித்துவிட்டார்கள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இவ்வளவு பெரிய தப்புக்கு எவ்வளவு பெரிய திட்டு வரும் என்று நினைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வரை போகும் என்று தோன்றியது. மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் நிறுத்தி, பிறகு தொடரலாம்.

அவர்கள் திருகை மூடினார்கள். துண்டை எடுத்து உதறி மடித்து என் கையில் கொடுத்தார்கள். கைக்கொத்தைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, வெட்டுவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார்கள். என்ஜினியர் காரணம் கேட்டதற்கு, "என் கணிப்புத் தப்பு சார்" என்றார்கள். வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ரம்பம் வரும்வரை நான் அங்கேயே நின்றேன். ஏதாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவார்களோ என்று.

ஆகவே, ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில்: அந்த அதிகாரி மேல் தவறு இல்லை. மண் போட்டது, வேலியை நகர்த்தியது, சிமெண்டுத் தண்ணீருக்கு இடம் காட்டியது, தண்ணீரில் வேரை அழுக வைத்தது எல்லாம் நான். யாரும் தூண்டவில்லை. நான் உளறவில்லை, குடிப்பழக்கமும் இல்லை. அவர் ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது அநியாயம்.

மனசாட்சி உறுத்திச் சொல்கிறேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. இப்படி ஒரு வாக்குமூலம் கொடுத்தால் சம்பந்தப்பட்ட அதிகாரியை நேரில் கூப்பிட்டு, சொன்னவனையும் எதிரில் உட்கார வைத்து, வாசித்துக் காட்டுவார்கள் என்று உங்கள் குமாஸ்தா சொன்னார். அதற்குத்தான் ஏழு மாதமாக, மாதம் இரண்டு தடவை, கூப்பிடாவிட்டாலும் வந்து வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று காலை அதே குமாஸ்தா சொல்கிறார், அவர்கள் கடிதம் எழுதிவிட்டார்களாம். அந்த ஆள் எது சொன்னாலும் சம்மதம், தன்னை அழைக்க வேண்டாம் என்று.

சரி. அதற்கும் நான் வருத்தப்படவில்லை.

உங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஆவண அறை கட்டுகிறீர்களே, அங்கே ஒரு பெரிய மரம் இருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்கள் ஜன்னல் இந்தப் பக்கம். பத்து மணிக்கு வரச் சொல்லி மூன்று மணிக்குக் கூப்பிடுகிறீர்கள். சும்மா உட்கார எனக்கு வராது. அஸ்திவாரத்தில் தோண்டிய மண்ணை எங்கே கொட்டலாம் என்று கொத்தனார் கேட்டார். அனுபவப்பட்டவன் என்ற முறையில் இடம் காட்டினேன். தோட்டக் குழாயும் கிட்டத்தில்தான் இருந்தது. இப்போது உச்சியில் இலை மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஆறு வாரம் விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்தவர் வந்து பார்த்தால் பிழைத்துவிடும்.

இந்த ஊரில் அது தெரிந்தவர் ஒருவர்தான். ஓய்வு பெற்றால் என்ன, நிறுத்தி வைத்தால் என்ன, ஒரு மரம் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது என்று தகவல் போனால் வீட்டில் இருக்க மாட்டார்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். மரம் என்றால் அவர்களுக்கு உயிர். எனக்கும் அப்படித்தான்.